வானத்தை நம்பாத மீட்டர்

ஆனைக்குட்டம் அணைக்கு நட்டநடுவில் யோகேஸ்வரி சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தாள். அப்படிச் சொன்னது அவளுடைய கைப்பிடியில் மாட்டியிருந்த ஜி.பி.எஸ். கருவி. உண்மையில் அவளுடைய இரண்டு சக்கரங்களும் தார்ச்சாலையில்தான் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு பக்கம் வேலிக்கருவைப் புதர், மறுபக்கம் அணைக்கரை. திரையில் இருந்த சின்ன முக்கோணம் மட்டும் அந்தக் கரையைத் தாண்டி உள்ளே இறங்கி, மதகுப் பக்கமாக வட்டமடித்தது. ஆனி மாதக் கடைசி. அணைக்குள் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்ததால் மூழ்கிப்போக வழியில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

"நீ அங்கனயே கெட. நான் ஆமத்தூர் வரைக்கும் போயிட்டு வாரேன்" என்று அதனிடம் சொல்லிவிட்டு அவள் அழுத்தி மிதித்தாள்.

கொஞ்ச தூரம் போனதும் முக்கோணம் நின்றுவிட்டது. எண்களும் உறைந்துபோயின. பொத்தானை அமுக்கினாள், அசையவில்லை. இது புதிதல்ல. சிங்கப்பூர்க் கம்பெனி ஒருமுறை கருவியையே மாற்றிக் கொடுத்திருந்தது. வந்த இரண்டாவதும் முதலாவதின் கூடப்பிறந்ததுபோல அதே மாதிரி உறைந்தது.

சும்மா ஊர் சுற்றுவதற்கு என்றால் அவள் இதைப் பொருட்படுத்தியிருக்க மாட்டாள். மதுரையில் ஒரு சைக்கிள் சங்கம் வருஷத்துக்கு இரண்டு தடவை இருநூறு கிலோமீட்டர் ஓட்டம் நடத்துகிறது. பந்தயமில்லை. வழியில் சங்கத்து ஆட்கள் உட்கார்ந்திருக்கும் இடங்களில் அட்டையில் முத்திரை வாங்கிக்கொண்டு, குறித்த நேரத்துக்குள் சுற்றி முடித்து வரவேண்டும், அவ்வளவுதான். வழிகாட்ட யாரும் கூட வரமாட்டார்கள். கையில் ஒரு தாள் தருவார்கள். எத்தனையாவது கிலோமீட்டரில் இடது, எத்தனையாவதில் வலது என்று அதில் இருக்கும். எனவே கடந்த தூரம் தெரியாவிட்டால் அந்தத் தாளை வைத்துக்கொண்டு விசிறிக்கொள்ளலாம். தை மாத ஓட்டத்தில் அவளுக்கு அதுதான் நடந்தது. பாதி வழியில் கருவி உறைந்தது, திரும்ப வேண்டிய இடம் தெரியாமல் நேரே போனாள், கரிசல் காட்டுக்குள் அலைந்து திரும்பி வந்தபோது மேசையை மடக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் பெயருக்கு எதிரே சிவப்புக் கோடு. கால் சோர்ந்து தோற்றிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். கால் நன்றாகத்தான் இருந்தது.

இந்த ஞாயிற்றுக்கிழமை அடுத்த ஓட்டம். இந்தத் தடவை அவள் முடித்தே தீரவேண்டும். முடிப்பாள் என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. கைப்பிடியில் என்ன இருக்கப்போகிறது என்பதில்தான் சிக்கல். ஏனென்றால் அந்தக் கருவி ராஜபாண்டியன் கொடுத்தது.

நிச்சயதார்த்தத்தன்று பட்டுப்புடவைத் தட்டுக்கும் மோதிரத்துக்கும் பக்கத்தில் அதையும் வைத்திருந்தான். பெண் வீட்டுச் சித்திமார்கள் எட்டிப் பார்த்து, "இது என்ன, பிரஷர் பாக்குற மெஷினா? பொண்ணுக்கு இப்பவே எதுக்கு?" என்று கேட்டார்கள். சைக்கிள் ஓட்டுகிற பெண்ணா என்று இரண்டு வரன்கள் முகம் சுளித்துப் போயிருந்த வீடு அது. மூன்றாவதாக வந்தவன், அவள் சைக்கிளுக்கு என்ன வேண்டும் என்று விசாரித்து, நண்பன் மூலமாகச் சிங்கப்பூரிலிருந்து வரவழைத்திருந்தான். அந்தக் கணமே யோகேஸ்வரி மனசுக்குள் சரி சொல்லிவிட்டாள். அதனால்தான் இப்போது வாய் திறக்க முடியவில்லை.

சிவகாசி வீட்டுக்கு வந்தபோது ராஜபாண்டியன் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் அவனுக்குப் பட்டாசுத் தொழிற்சாலை. சீசன் ஆரம்பித்துவிட்டதால் காலையில் ஏழரைக்கே கிளம்பிவிடுவான்.

"இன்னைக்கு எப்படி ஓடுச்சு?" என்றான் ஆர்வமாக.

"நான் நல்லா ஓடுனேன். அது அணைக்குள்ள எறங்கிருச்சு."

"மேகமா இருந்துச்சா? சாட்டிலைட்டு சரியா அமைஞ்சிருக்காது யோகி. மெஷின் மேல தப்பில்ல."

சட்னி ஊற்ற வந்த அவன் அம்மா பாலம்மாள் கரண்டியோடு நின்றாள். "ஏலே ராஜா, சாட்டிலைட்டுக்கு என் மருமக மேல என்னலே கோவம்? ஊர்ல ஒருத்தருக்கும் அமையாம போகல, இவளுக்கு மட்டும் அமையலையாக்கும்? அந்த டப்பா நாம எங்க போறோம்னு சொல்றதுக்கா, எங்க போகலைனு சொல்றதுக்கா?"

"அம்மா, அது உங்களுக்குப் புரியாது."

"அதுக்கே புரியல, எனக்கா புரியப் போகுது?"

யோகேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, "என்னங்க, ஞாயித்துக்கெளமைக்கு மட்டும் வேற ஒண்ணு மாட்டிக்கிறேனே" என்று மெதுவாகச் சொன்னாள்.

"புது மாடல் வந்திருக்கு. சொல்லி வச்சிருக்கேன், அடுத்த மாசம் வந்துரும். அதுவரைக்கும் நான் ராத்திரி ஒரு தடவை சார்ஜ் போட்டு, எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஆரம்பிச்சுத் தாரேன். சரியாயிரும் பாரு."

அவன் முகத்தைப் பார்த்தாள். குழந்தைக்குக் காய்ச்சல் இல்லை என்று டாக்டரிடம் வாதாடுகிற தகப்பன் முகம். தலையை ஆட்டிவைத்தாள். ஆனால் அவன் கார் தெருமுனை திரும்பியதும் மாமியாரிடம், "அத்தை, விருதுநகர் சைக்கிள் கடை வரைக்கும் போயிட்டு வந்துர்றேன்" என்றாள்.

"போ, போ. அது என்ன விலைன்னாலும் சரி. எனக்கு இந்த மெஷின் பேச்சு ஓஞ்சாப் போதும்."

விருதுநகர்த் தெப்பத்துக்குப் பக்கத்துத் தெருவில் முகைதீன் சைக்கிள் கடை. முகைதீனுக்கு வயசாகிவிட்டதால் கல்லாவில் மருமகள் பைரோஜா உட்கார்ந்திருந்தாள். யோகேஸ்வரியும் அவளும் கல்லூரியில் ஒரே பெஞ்சு. வேண்டாத பொருளை வாங்க விடமாட்டாள் என்பதால் அவள் கடைக்குக் கூட்டம் அதிகம்.

"வா புள்ள. மறுபடியும் நின்னுருச்சா?"

"நின்னுருச்சு. ஞாயித்துக்கெளம வரைக்கும், ஞாயித்துக்கெளம முழுசும் நிக்காத ஒண்ணு வேணும்."

பைரோஜா மூன்று பெட்டிகளை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள். முதல் பெட்டியைத் தொட்டாள். "இதுவும் ஜி.பி.எஸ்.தான். பெட்டி அம்புட்டு அழகா இருக்கும். வாங்கிட்டுப் போன ரெண்டு பேரும் திருப்பிக் கொண்டாந்துட்டாக. உனக்கு விக்க மாட்டேன்." இரண்டாவதைத் தொட்டாள். "இது சக்கரத்த வச்சு எண்ணுறது, வயர் கெடையாது. எங்க கொழுந்தன் அசாருதீன் இத மாட்டிக்கிட்டுப் பெரிய கரண்டுக் கம்பிக்கு அடில நின்னான். நின்ன எடத்துல எம்பது கிலோமீட்டர் ஸ்பீடுன்னு காட்டுச்சு."

"போலீஸ் பிடிக்கலையா?"

"பிடிக்க வந்தாலும் என்ன, அவன் நின்னுக்கிட்டுத்தான இருக்கான்!" இரண்டு பேரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள்.

மூன்றாவது தீப்பெட்டி அளவுகூட இல்லை. சாம்பல் நிறம், ஒரே ஒரு பொத்தான், அதிலிருந்து மெல்லிய ஒரு கறுப்பு வயர்.

"ஸ்போக்ஸ்ல ஒரு காந்தம் மாட்டணும். அது ஒவ்வொரு தடவ சுத்தி வரும்போதும் இது ஒண்ணுன்னு எண்ணிக்கும். மேல வானமே இல்லேன்னாலும் எண்ணும். மழை, வெயில், மேகம் ஒண்ணும் தெரியாது இதுக்கு."

"நான் எங்க இருக்கேன்னு சொல்லாதா?"

"எம்புட்டு தூரம் வந்திருக்கேன்னு சொல்லும். உன் தாளுக்கு அதுதான வேணும்?" பைரோஜா வயரை விரலில் சுற்றி இழுத்துக் காட்டினாள். "ஒண்ணே ஒண்ணு. சக்கரத்தோட சுத்தளவ மில்லிமீட்டர்ல நீதான் சொல்லிக் குடுக்கணும். உன் டயரு வெளியூரு டயரு, புத்தகத்துல இருக்காது. அளந்து போடு. தப்பா அளந்துட்டு என் கடையத் திட்டாத."

அளப்பது என்றால் யோகேஸ்வரிக்கு ஒரே இடம்தான் தெரியும். அதே சிவகாசியில் இருந்த அவள் அப்பா ரத்தினசாமியின் காலண்டர் அச்சகம். மறுநாள் சைக்கிளை அங்கே உருட்டிக்கொண்டு போனாள். விஷயத்தைக் கேட்டதும் ரத்தினசாமிக்குக் கையும் காலும் பரபரத்தன. காகித அடுக்கிலிருந்து நீளத் தாள்களை உருவித் தரையில் விரித்து ஒட்டினார். முன்டயரின் ஓர் இடத்தில் சிவப்பு மையைத் துளி வைத்தார். சைக்கிளின் கழுத்தைப் பிடித்து, ரோலரை ஓட்டுகிற பக்குவத்தில் நேர்கோட்டில் தள்ளினார். வெள்ளைத் தாளில் ஒரு சிவப்புப் பொட்டு. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றியதும் இன்னொரு பொட்டு. கலர் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்கிற லென்ஸைக் கண்ணில் வைத்துக் குனிந்து, எஃகு அளவுகோலால் அளந்தார்.

"ரெண்டாயிரத்து நூத்திப் பதிமூணு. எளுதிக்க. அரை மில்லி பிசகாது. சாமி படத்துல கண்ணும் மூக்குத்தியும் எடம் மாறாம அடிக்கிறவுக நாம."

யோகேஸ்வரி அந்த எண்ணை மீட்டரில் ஏற்றினாள். அன்று சாயங்காலமே சாலையோர மைல்கற்களை வைத்துச் சோதித்துப் பார்த்தாள். ஒரு கல்லில் தொடங்கி, பத்தாவது கிலோமீட்டர் கல்லுக்கு வந்தபோது மீட்டர் பத்துக்கு மேல் நூறு மீட்டர் கூடுதலாகக் காட்டியது. திரும்பி வந்தாள். அதே நூறு மீட்டர். மறுநாள் காலையில் இன்னொரு சாலையில் பார்த்தாள். அங்கேயும் அதே.

அவளுக்குக் கோபம் வரவில்லை. உறைகிற கருவியோடு ஆறு மாதம் குடித்தனம் பண்ணியவளுக்கு இது பெரிய முன்னேற்றமாகத் தெரிந்தது. இது பொய் சொன்னாலும் எல்லா இடத்திலும் ஒரே பொய்யைச் சொல்கிறது. அப்படியென்றால் தப்பு கருவியில் இல்லை, கொடுத்த எண்ணில் இருக்கிறது. ஆனால் அப்பாவின் அளவில் தப்பு வருமா? பத்துக்கு நூறு மீட்டர் என்றால் இருநூறுக்கு இரண்டு கிலோமீட்டர். கரிசல் காட்டில் இரண்டு கிலோமீட்டருக்குள் நாலு வண்டிப்பாதை பிரியும்.

இந்த இரண்டு நாளும் ராஜபாண்டியன் அவளோடு நன்றாகத்தான் பேசினான். மீட்டரைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. கைப்பிடியில் சாம்பல் நிறப் பெட்டி ஏறியிருப்பதைப் பார்த்தும் பார்க்காததுபோலச் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். ஜி.பி.எஸ். கருவியை மட்டும் தினமும் சார்ஜில் போட்டுத் துடைத்து அலமாரியில் வைத்தான். இந்த மௌனத்தோடு ஞாயிற்றுக்கிழமை கிளம்ப அவளுக்கு மனமில்லை.

வெள்ளிக்கிழமை மாலை சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராகத் தொழிற்சாலைக்கே போனாள். ஏழாயிரம்பண்ணைச் சாலையில் காற்று எதிரே நின்று தள்ளியது. கேட்டில் காவலர் கோட்டைச்சாமி எழுந்து வணக்கம் சொன்னார். சொன்ன கையையே நீட்டினார்.

"போனு, பாட்டரி எல்லாம் குடுத்துருங்க தாயி. முதலாளியே குடுத்துட்டுத்தான் உள்ள போவாக."

அவள் போனைக் கொடுத்தாள். மீட்டரையும் கழற்றிக் கொடுத்தாள். உரசித் தீப்பொறி பறந்துவிடக் கூடாது என்று செருப்பையும் அங்கேயே விட்டுவிட்டு உள்ளே நடந்தாள்.

கொட்டகைகளுக்கு அப்பால் இருந்த பொட்டலில் ராஜபாண்டியன் அன்றைய சரக்கைச் சோதித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு நாளும் அனுப்புவதற்கு முன்னால் ஒவ்வொரு வகையிலிருந்தும் சிலதை எடுத்து வெடித்துப் பார்ப்பது அங்கே வழக்கம். மேஸ்திரி ராக்கப்பன் நீளக் குச்சியில் நெருப்பு வைத்தார். ஒன்று வெடித்தது. இன்னொன்றும் வெடித்தது. மூன்றாவது புஸ்ஸென்று புகைந்து அடங்கியது. ராக்கப்பன் அதைத் தண்ணீர் வாளியில் அமுக்கிவிட்டு, முதலாளி முகத்தைப் பார்த்தார்.

"இந்த லாட்டு மொத்தத்தையும் ஒதுக்கி வைங்க" என்றான் ராஜபாண்டியன்.

"அண்ணாச்சி, லாரி வெளில நிக்கிது. நேத்து இதே சரக்கு என்னமா வெடிச்சுச்சு!"

"நேத்து வெடிச்சதுக்கு நேத்தே சந்தோசப்பட்டாச்சு. இது போகாது."

"மேகமா இருக்குல்ல, கொஞ்சம் நமுத்திருக்கும். இன்னொரு ஒண்ணு வச்சுப் பாப்பமே?"

"வாங்குறவன் வீட்லயும் மேகம் வரும் ராக்கப்பா. ஒதுக்குங்க."

ராக்கப்பன் தலையைச் சொறிந்துகொண்டு போனார். ராஜபாண்டியன் திரும்பினான், மனைவியைக் கண்டதும் முகம் மலர்ந்தான். "எப்ப வந்த?"

"இப்பத்தான். ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"அந்த லாட்டு சிங்கப்பூர்ல இருந்து வந்திருந்தா பாஸ் பண்ணியிருப்பீகளா?"

அவனுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் காதுமடல் சிவந்தது. தரையில் கிடந்த காகிதச் சுருளைக் காலால் தள்ளினான்.

"அது நான் உனக்குன்னு குடுத்தது யோகி. அது ஒண்ணும் சரியில்லேன்னா, நான் குடுத்ததே சரியில்லேன்னு..."

"நீங்க குடுத்ததுங்கிறதுனாலதான் ஆறு மாசம் பொறுத்தேன். வேற எவன் குடுத்திருந்தாலும் ஆனைக்குட்டத்துல வீசியிருப்பேன்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு என்ன வேணும்னு கேட்டுக் குடுத்தீகளே, அது நல்லாத்தான் ஓடுது. மெஷின் மட்டும் ஓடல. இந்தத் தடவையும் செவப்புக் கோடு வாங்கிட்டு வந்தா என்னால தாங்க முடியாதுங்க."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பிறகு வாய்விட்டுச் சிரித்துவிட்டான். "நான் ராக்கப்பன் மாதிரி பேசியிருக்கேன், இல்ல? மேகம், சாட்டிலைட்டுன்னு."

"அவரு ஒரு நாள்தான் பேசுனாரு."

"சரி, போதும், போதும். புதுசு எங்க?"

"கேட்டுல. உங்க ஆளு பிடுங்கி வச்சிட்டாரு."

வெளியே வந்து மீட்டரை வாங்கிக் கையில் புரட்டிப் பார்த்தான். அவள் நூறு மீட்டர் கணக்கைச் சொன்னாள், அச்சகத்தில் அளந்த விதத்தையும் சொன்னாள். அவன் கேட்டில் நின்ற லாரியையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"மாமா சைக்கிள எப்படி உருட்டுனாக? நீ மேல உக்காந்திருந்தியா?"

"இல்லையே. அப்பா கையில பிடிச்சுத் தள்ளுனாக. ரோலர் மாதிரி."

"அதான! காலி லாரி டயரையும் லோடு ஏத்துன டயரையும் பாரு. லோடு ஏறுனா டயரு அமுங்கும், சுத்து கொறையும். அச்சடிக்கிற ரோலருக்கு மேல யாரு ஏறி உக்காந்திருக்கா? உங்க வீட்டு ஆளுகளுக்கு அது தோணாது." அவன் கண்ணில் பழைய துறுதுறுப்பு வந்துவிட்டது. "ஏறி உக்காரு."

"இங்கனயா?"

"தார் ரோடு நல்லாத்தான இருக்கு. கோட்டைச்சாமிண்ணே, கொஞ்சம் சுண்ணாம்பும் அந்த டேப்பும் கொண்டாங்க!"

முன்டயரில் ஈரச் சுண்ணாம்பைப் பொட்டாக வைத்தான். யோகேஸ்வரி ஏறி உட்கார்ந்து இரண்டு காலையும் பெடலில் வைத்தாள். அவன் முன்னால் நின்று கைப்பிடியின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு, அவளைப் பார்த்தபடியே பின்னால் நடந்து, மெதுவாக இழுத்தான். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றியது. அந்த நேரம் பார்த்து வேலை முடிந்த பெண்களை ஏற்றிய வேன் கேட்டை விட்டு வெளியே வந்தது.

ஜன்னலிலிருந்து ராக்காயி எட்டிப் பார்த்தாள். "ஏட்டி, இங்கன பாருங்கட்டி! முதலாளி அம்மாவுக்கு சைக்கிள் பளக்குறாக!"

"அந்தம்மா நமக்கு முந்தியே ஊர் போய்ச் சேர்ற ஆளு. முதலாளிதான் பிடிச்சுக்கிட்டு விட மாட்டேங்கிறாக!" என்று உள்ளேயிருந்து சின்னத்தாயின் குரல் வந்தது. வேன் முழுக்கச் சிரித்துக்கொண்டே போயிற்று. ராஜபாண்டியன் கையை எடுக்கவில்லை.

டேப்பில் வந்தது இரண்டாயிரத்துத் தொண்ணூற்றிரண்டு. இருபத்தோரு மில்லிமீட்டர் குறைவு. புது எண்ணை ஏற்றிக்கொண்டு சிவகாசி திரும்பும் வழியில் அவள் மைல்கற்களைப் பார்த்தாள். பத்தாவது கல்லுக்கு அவள் வந்தபோது மீட்டரில் பத்து விழுந்தது. பின்னால் மெதுவாகக் காரில் வந்த ராஜபாண்டியன் ஹாரன் அடித்துக் கேட்டான். அவள் கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது மதுரையில் முப்பது பேர் கிளம்பினார்கள். பெண் அவள் ஒருத்திதான். ஆடி பிறந்துவிட்டதால் காற்று வாரி அடித்தது. விருதுநகர், சாத்தூர் எல்லாம் அவளுக்குச் சொந்த வீட்டு வாசல் மாதிரி. கோவில்பட்டி தாண்டியதும் தெரியாத ஊர். கறுப்பு மண், காற்றாலைகள், ஒன்றைப்போலவே இன்னொன்றாகப் பிரியும் சின்னச் சின்னச் சாலைகள். தாளில் அடுத்த திருப்பம் நூற்றுப்பதினெட்டாவது கிலோமீட்டரில், இடது பக்கம் என்றிருந்தது. பெயர்ப்பலகை இல்லாத சாலை, தரையில் சுண்ணாம்பு அம்பு போட்டிருப்பார்கள் என்றும் இருந்தது.

நூற்றுப்பதினெட்டு வந்தது. இடது பக்கம் ஒரு சாலை இருந்தது. அம்பு இல்லை. சாலை முழுக்க ஆடிக்காற்று மண்ணை வாரிப் போட்டிருந்தது.

டீக்கடை வாசலில் நின்றவர் கையை நீட்டினார். "நேராப் போம்மா. சைக்கிள்காரவுக எல்லாரும் நேராத்தான் போனாக. ஒரு பத்துப் பேரு போயிட்டாக."

அவள் ஒரு காலை ஊன்றி நின்றாள். தை மாதத்தில் நேராகப் போனதுதான் நினைவுக்கு வந்தது. பத்துப் பேர் போன சாலை எதிரே அகலமாக, நம்பிக்கையாகக் கிடந்தது. இடது பக்கச் சாலையில் ஒரு குருவிகூட இல்லை. மீட்டரைப் பார்த்தாள். கிளம்பியதிலிருந்து ஒவ்வொரு திருப்பத்திலும் அது சரியாகச் சொல்லியிருக்கிறது. இதில் மட்டும் மாற்றிச் சொல்ல அதற்கு ஒரு காரணமும் இல்லை.

"நான் இப்படிப் போறேண்ணே. பின்னால வர்றவுகளுக்கும் இடதுன்னு சொல்லுங்க" என்றாள். கைப்பிடியைத் திருப்பினாள்.

இரண்டு கிலோமீட்டர் வரைக்கும் யாரும் இல்லை. மூன்றாவதிலும் யாரும் இல்லை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை, வேகத்தைக் குறைக்கவுமில்லை. ஒரு கண்மாய்க்கரை வளைவைக் கடந்ததும் வேப்பமரத்தடியில் சங்கத்தின் நீலக் குடையும், முத்திரையோடு உட்கார்ந்திருந்தவரும் தெரிந்தார்கள்.

"நீங்கதாம்மா முதல்ல வர்றீங்க. மத்தவங்க எங்க?" என்றார் அவர் திகைத்துப்போய்.

"வந்துருவாக. நேராப் போயிருக்காக" என்று காலித் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள் யோகேஸ்வரி.

திரும்பும்போது காற்று முதுகில் இருந்தது. வழிதவறியவர்களில் நாலைந்து பேர் அவளைப் பிடித்து முந்திக்கொண்டு போனார்கள். போகட்டும் என்று விட்டாள். வெயில் தாழ்ந்து மதுரைக்குள் அவள் நுழைந்தபோது இன்னும் நேரம் மிச்சமிருந்தது. சங்கத்து மேசையில் அவள் அட்டையில் கடைசி முத்திரை விழுந்தது. அவள் பெயருக்கு எதிரே பச்சைக் கோடு போட்டார்கள். ராஜபாண்டியன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அவள் ஹெல்மெட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டான்.

"பசிக்குதா?"

"நாலு ஆளு பசி."

வரும் வழியில் விருதுநகரில் இறங்கி எண்ணெய் பரோட்டாக் கடைக்குப் போனார்கள். அவள் நாலு பரோட்டா சாப்பிட்டு முடித்தாள். எதிரே உட்கார்ந்திருந்தவன் தன் தட்டை மறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாசியில முந்நூறு கிலோமீட்டர் இருக்காம்" என்றாள் யோகேஸ்வரி, சால்னாவை வழித்தபடி.

ராஜபாண்டியன் தன் தட்டிலிருந்த பரோட்டாவை எடுத்து, ஐந்தாவதாக அவள் தட்டில் வைத்தான்.